ஒரு நூல் பின்னால் பாடியவள்

என் அண்ணிக்கு எதிலும் அவசரம் கிடையாது. மருத்துவமனையில் டோக்கன் எண்களைக் கூப்பிடுவதுதான் அவள் வேலை. பலகையில் எண் ஒளிர்ந்து சற்றுக் கழித்துத்தான் அவள் குரல் வரும். அங்கே லிஃப்ட் பழுது பார்க்கப் போன என் அண்ணன், ஸ்பானரும் கையுமாக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டான். லிஃப்ட் சரியாவதற்கு ஒரு வாரம் பிடித்தது. அவ்வளவு பெரிய பழுது ஒன்றும் அதில் இல்லை என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

அண்ணன் சாக்ஸபோன் வாசிப்பான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. வந்த மகராசியாவது அவனை அடக்கியிருக்கலாம். அவளோ பாத்திரம் துலக்கிக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினாள். அவன் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடிவந்தான்.

"கேட்டியா? தாளத்துக்கு ஒரு நூல் பின்னாடி பாடுறா. ஜாஸ்ல இதுக்காக ஆளுங்க தவம் கிடக்கிறாங்க."

"டோக்கனையும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. ஜனங்க திட்டுது" என்றேன்.

என் பேச்சை யார் கேட்டார்கள்? அண்ணன் ஒரு ஜாஸ் பேண்ட் சேர்க்கக் கிளம்பிவிட்டான். பேஸ் வாசிக்க ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார். முதல் நாள் அவரைவிட உயரமான அந்தத் தந்தி வாத்தியத்தை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தார், ஏனென்றால் எங்கள் வீட்டு லிஃப்ட் ஓடாது. டிரம்ஸுக்குத் தெருமுனை பேக்கரிக்காரர், ஒரு காலத்தில் நடனக் குழுவில் வாசித்தவர். ஞாயிறு மத்தியானங்களில் அவர் கடைக்குப் பின்னால், மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை நடக்கும். மற்றவர் பாட்டு வேண்டாம் என்று சொந்தமாகவே பாட்டுக் கட்டினார்கள்.

பேண்ட் சேர்ந்ததே தவிர, பாட்டு சேரவில்லை. காரணம் பேக்கரிக்காரரின் மரியாதை. பாடுகிற பெண் பின்தங்குகிறாளே என்று அவர் கையை மெதுவாக்கிக் காத்திருப்பார். அவர் காத்திருந்தால் அண்ணி இன்னும் பின்னால் போவாள். துள்ளலாகத் தொடங்கிய பாட்டு தாலாட்டாக முடியும். பல் டாக்டர் வாத்தியத்தின் மேலேயே சாய்ந்து கொட்டாவி விடுவார்.

"அண்ணே, எனக்காக நிக்காதீங்க. நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் பின்னாடியே வந்துடுவேன்" என்பாள் அண்ணி.

"உங்கள விட்டுட்டுப் போற மாதிரி இருக்கும்மா."

"நீங்க போனாத்தானே நான் வந்து பிடிக்க முடியும்?"

மாதக்கணக்கில் இதே கதை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் போனார். அண்ணி சாவகாசமாகப் பின்னால் வந்து, வரி முடிகிற இடத்தில் அவரோடு சேர்ந்துகொண்டாள். டீ கொண்டுபோன நான் அதை ஆறவிட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் அவர்கள் ஒரு பேண்ட் ஆனார்கள்.

ஒரு சின்ன அரங்கில் வாசிக்க இடம் கிடைத்த நேரத்தில் அண்ணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரல். மாவுத் தூசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் எனக்குக் கோபித்துக்கொள்ள யாராவது வேண்டியிருந்தது, மாவு மூட்டைகளோடு கோபித்துக்கொண்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாடினாள். மூச்சு குறையக் குறைய அண்ணன் பாட்டின் வரிகளையும் குறுக்கிக்கொண்டே வந்தான்.

"மேடையில ஒரே ஒரு தடவ பாடிட்டா போதும்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பாடுவீங்க அண்ணி" என்றேன். வேறு என்ன சொல்வது?

கச்சேரிக்கு முந்தைய வாரம் போய்விட்டாள்.

நிகழ்ச்சி வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். அவளுக்காகக் கட்டிய பாட்டு, வாசித்தே தீருவேன் என்றான் அண்ணன். அவள் வரிகளைச் சாக்ஸபோனில் அவனே வாசிப்பதாக மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. அண்ணியின் இடம் வந்தது. அண்ணன் சாக்ஸபோனை வாயருகே கொண்டுபோனான். பேக்கரிக்காரரின் கை மெதுவானது. இன்னும் மெதுவானது. பிறகு நின்றேவிட்டது. பல் டாக்டரும் நிறுத்திவிட்டார். குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் வழக்கமாக உட்காரும் பக்கம் தலையைச் சாய்த்து அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பினான்.

"நிக்காதீங்கண்ணே" என்றான். "போய்க்கிட்டே இருங்க."

அவர் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். அண்ணன் ஒரு நூல் பின்னால் வாசித்தான். அதற்குப் பிறகு பேக்கரிக்காரர் எங்குமே நிற்கவில்லை. வரி முடிகிற இடம் ஒவ்வொன்றிலும் நான்தான் காத்திருந்தேன். அண்ணி வந்து சேரவில்லை.