மேக்கப் பெட்டி மெக்கானிக்

“பழைய பேப்பர் ஏதாவது இருந்தா குடுங்கம்மா.”

கேட்டு வாங்கிய பேப்பரை அவர் உடனே தரையில் விரிப்பதில்லை. சர்வீஸுக்காக நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதலில் அதைப் படிக்கிறார். திருட்டு, மோசடி என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது முடியும்வரை ஸ்பேனரைத் தொடமாட்டார். “இதுமேல ஆயில் கொட்டிட்டா, அவன் மாட்டினானா தப்பிச்சானான்னு தெரியாமலே போயிடும்” என்பார். செய்தி பழையது, அந்தத் திருடன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பியே வந்திருப்பான் என்று யாராவது சொன்னால், “எனக்கு இன்னைக்குத்தானே தெரியுது” என்று பதில் வரும்.

வீடு வீடாகப் போய் வண்டி சர்வீஸ் செய்வது அவர் தொழில். வயது ஐம்பதைத் தொடுகிறது. ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கும். ஆனால் அவரைத் தூரத்திலேயே காட்டிக்கொடுப்பது அவருடைய பெட்டிதான். ரோஸ் நிறப் பெட்டி. மூடியின் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி. பவுடரும் சீப்பும் வைப்பதற்கான சின்னச் சின்ன அறைகளில் போல்ட்டும் வாஷரும் பல்பும் குடியிருக்கின்றன. எஞ்சினுக்கு அடியில் ஆயில் கசிகிறதா என்று பார்க்க அந்தக் கண்ணாடியைத்தான் சாய்த்துப் பிடிப்பார். வேலை முடிந்ததும் அதிலேயே தன் மூக்கில் ஒட்டிய கரியையும் துடைத்துக்கொள்வார். கல்யாணத்துக்கு அவர் மனைவிக்கு வந்த பெட்டி அது.

“வேலை பார்த்த மெக்கானிக் கடையை விட்டு வந்த அன்னைக்கு ஸ்பேனரை எல்லாம் ஒரு துணிப் பையில கட்டிக்கிட்டு வந்தேன். பை கிழிஞ்சு தெரு பூரா கொட்டுது. இவ உள்ளே போனா, பெட்டியில இருந்ததை அள்ளி அலமாரியில போட்டா, கொண்டாந்து கையில குடுத்தா. ‘நான் மேக்கப் போட்டு யாரு பார்க்கப் போறாங்க’ன்னா. நான் பார்ப்பேன்னு சொல்லியிருக்கணும். அப்பத் தோணலை.”

அன்றிலிருந்து அவர் பெயர் மேக்கப். “மேக்கப் வந்தாச்சா?” என்று மீசை வைத்த ஆண்கள் வாசலில் நின்று கேட்பதைப் புதிதாகக் குடிவந்தவர்கள் திகைத்துப் பார்ப்பார்கள்.

கடையை அவர் விட்டதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். பெரிய கடை அது. நல்ல சம்பளம். வண்டியை விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வந்ததும், “இது போச்சு, அது போச்சு” என்று சொல்ல வேண்டும். போகாத பொருளும் போனதாகத்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒருநாள் முதலாளி நேருக்கு நேராகவே, “நல்லா ஓடுற வண்டியை ஓடாதுன்னு சொல்லத் தெரியாதவன் எல்லாம் என்னய்யா மெக்கானிக்” என்றார். இவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். “அதை மட்டும் என் வாய் சொல்லாது சார். என்னமோ பெத்த பிள்ளையைத் திருடன்னு சொல்ற மாதிரி இருக்கும்.”

இன்னொரு வழக்கமும் உண்டு. மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் தாங்களே ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பார்கள். இவர் சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். “என்ன மேக்கப், தூங்குறீங்களா?” என்றால், “பேசாம ஓட்டுங்க சார். கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்பார். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி.

சென்ற மாதம் ஒரு காலையில் அவர் போனது டிரைவர் வீட்டுக்கு. டிரைவர் என்றால் பஸ் டிரைவர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் தெருவில் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. வேலை நடக்கும்போது நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

“யோவ் மேக்கப், செயின் தொளதொளன்னு இருக்கு பாரு.”

“பார்த்துட்டேன் சார்.”

“பார்த்துட்டா போதுமா? நீ அந்தப் பேப்பரை மனப்பாடம் பண்ற நேரத்துல நான் ரெண்டு ஊருக்குப் பஸ்ஸை விட்டுட்டு வந்திருப்பேன்.”

“ஏத்தின ஆளை இறக்கிவிட்டீங்களா, இல்ல அந்த வேகத்துல மறந்துட்டீங்களா?”

டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே டீ டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். டம்ளர் அவருக்கு இடப்பக்கம், ஸ்டூலின் ஓரத்தில் இருந்தது. புறங்கை பட்டு அது தரையில் உருண்டது. “இதை எவ இங்க வெச்சா?” என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு உடை மாற்றப் போனார்.

துடைக்கும் துணியோடு வந்த அவர் மனைவி துடைத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“தம்பி, அவருக்கு ஓரப் பார்வை போயிட்டுது. நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியும். வண்டியையே தொடக்கூடாதுன்னு கண் டாக்டர் சொல்லிட்டார். நேரா பார்த்தா ஊசியில நூல் கோர்ப்பேன், இவன் என்ன சொல்றதுன்னு எழுந்து வந்துட்டார். போன வாரம் பால் கடைகிட்ட ஒரு சைக்கிள்காரரைத் தட்டிட்டார். நல்லவேளை, சிராய்ப்போட போச்சு. நான் கேட்டேன்னு ரெண்டு நாள் என்கூடப் பேச்சே இல்ல.”

“அம்மா…”

“நீங்க சொன்னா கேட்பார். எஞ்சின் போச்சு, இனிமே தேறாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் வண்டியை எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற சத்தம் கேட்கிறவரைக்கும் நான் வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன் தம்பி. எனக்கு அவர் முழுசா வேணும். அவர் முன்னாடி வர்ற பிள்ளைங்களும் அவங்க வீட்டுக்கு முழுசாப் போகணும்.”

கண்ணில் திரண்ட நீரைத் துடைக்கக் கூட அவளுக்குத் தோன்றவில்லை. கையிலிருந்த ஈரத் துணியையே முறுக்கிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கையிலிருந்த ஏர் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எஞ்சின் நல்லா இருக்கும்மா. அதை எப்படிம்மா நான்…” என்றவர், வண்டியின் பக்கம் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு வேலை வழக்கம்போலவே நடந்தது. ஆயில் மாற்றினார், பிளக்கைச் சுத்தம் செய்தார், செயினை இறுக்கினார், பிரேக்கைச் சரிபார்த்தார். பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். உடை மாற்றி வந்த டிரைவர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு ஏறினார். மெக்கானிக் பின்னால் உட்கார்ந்தார். அன்று அவர் கண்ணை மூடவில்லை.

தெருமுனை திரும்பியதும் இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டி மூக்கை நீட்டியது. டிரைவரிடம் எந்த அசைவும் இல்லை. மெக்கானிக் அவர் இடது தோளைத் தொட்டார். வண்டி தயங்கி விலகியது. மைதானத்தை ஒட்டிப் போகும்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு சிறுமி பந்தின் பின்னால் ஓடி வந்தாள். இந்த முறை தோளைத் தொடவில்லை, பிடித்து அழுத்தினார். பிரேக் கிரீச்சிட்டது. சிறுமி பந்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் முறைத்துவிட்டுப் போனாள்.

டிரைவர் வண்டியை ஒரு மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கவில்லை.

“எஞ்சின் எப்படிய்யா இருக்கு?”

“ஒரு குறையும் இல்ல சார்.”

“அந்தப் பாப்பா எங்கிருந்து வந்துச்சு?”

மெக்கானிக் வலப்பக்கம் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்யா நான். ஒரு கோழி என் சக்கரத்துல பட்டதில்ல.” தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். “வீட்டுல அவ ஏதாவது சொன்னாளா?”

“டீ குடுத்தாங்க சார்.”

“பொய் சொல்ல உனக்கு வராதுய்யா. விட்டுடு.” கொஞ்ச நேரம் கைப்பிடியையே தடவிக்கொண்டிருந்தார். “வண்டியை விடறது பெரிசில்ல. கண்ணு போச்சு, டிரைவர் வண்டியை விட்டுட்டான்னு தெருவே உச்சுக் கொட்டும் பாரு, அதைத்தான் தாங்க முடியாது. ஆளாளுக்கு என் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விட வருவானுங்க.”

பிறகு இறங்கி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, மெக்கானிக்கை முன்னால் நகரச் சொல்லிப் பின்சீட்டில் ஏறினார். பழக்கமில்லாத இடம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு தொடையிலும் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் மெதுவாக ஓட்டி வந்தார். எஞ்சின் சத்தம் சுத்தமாக, தாளம் பிசகாமல் இருந்தது. வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முனைக்கு வந்ததும் சாவியைத் திருப்பி அதை அணைத்தார். இறங்கினார்.

“என்னய்யா?”

“முன்னாடி நகர்ந்து உக்காருங்க சார். கைப்பிடியை மட்டும் நேரா பிடிச்சுக்குங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் நகர்ந்தார். மெக்கானிக் பின்கம்பியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். சத்தமில்லாமல் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. எல்லார் வீட்டுச் செய்தியையும் வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் எதிர்வீட்டுக்காரர் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். டிரைவரின் மனைவி கேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

“என்ன மேக்கப், நீங்க கை வெச்ச வண்டியையே தள்ளிக்கிட்டு வர்றீங்க?” எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயோடு நடுத்தெருவுக்கே வந்துவிட்டார். “இனிமே ஓடாதா?”

டிரைவர் நேராகப் பார்த்தபடி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றது. மெக்கானிக்கின் உதடுகள் ஒருமுறை திறந்து மூடின. பிறகு, குனிந்த நிலையிலேயே, ஓடாது என்று தலையை அசைத்தார்.