ஓரம் சேராத ஸ்கர்ட்

என் மருமகளை வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குச்சிதான். அத்தனை ஒல்லி. தையல் கடையில் துணி வெட்டுகிற வேலை. அவள் கத்திரி வைத்தால் ஒரு நூல் பிசகாது. அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கடையிலிருந்து ஒரு பேப்பர் கட்டிங், அதான் அளவுக் காகிதம், கொண்டுவந்து, தனக்கென்று ஸ்கர்ட் தைக்க உட்கார்ந்தாள். அந்தக் காகிதம் பாதி உடம்புக்குத்தான் இருக்கும். துணியை மடித்து, மடிப்போரத்தில் அதை வைத்து வெட்டினால், பிரிக்கும்போது இடமும் வலமும் ஒன்றுபோல வரும்.

முதலில் பழைய போர்வையில் வெட்டி, தைத்துப் போட்டுப் பார்த்தாள். வலது பக்கத் தையல் நேராக விழாமல் முன்னால் இழுத்தது.

"கத்திரி மொக்கை, அத்தை."

சாணை பிடித்து மறுபடி வெட்டினாள். மறுபடியும் இழுத்தது.

"துணி சரியில்ல."

"நாளைக்கு என் கண்ணு சரியில்லன்னு சொல்லுவே" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். கருநீல ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, அளவெடுத்து வார்த்ததுபோல் இருந்தது. "குச்சிக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றான் என் மகன்.

கொடியில் காய்ந்த அதை எடுத்து மடித்தபோதுதான் பார்த்தேன். ஓரம் சேரவில்லை. உதறி மறுபடி மடித்தேன். வலது பக்கம் நாலு விரல் கூடுதல். அவளாவது, கோணலாக வெட்டுவதாவது! அந்தக் காகிதத்தைத் தேடி மெத்தையைத் தூக்கினேன். அடியில் இருந்தது, இப்போது முழு உடம்புக்கு. வலது பாதியில் மட்டும் துண்டுக்கு மேல் துண்டாக ஒட்டுப் போட்டிருந்தது.

"என்னடி இது?"

"வயித்துல வாயு, அத்தை."

"வாயு ஒரு பக்கமா வந்து உக்காருமா?"

அவள் அடிவயிற்றில் கை வைத்தேன். கல். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லாதீங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, திரும்பி வரல. நான் போகலைன்னா இது வெறும் வாயுதான்."

"நீ வரலைன்னா இந்த ஸ்கர்ட்டை மாட்டிக்கிட்டு நான் தெருவுல நடப்பேன். உன் மானம்தான் போகும்."

சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக உடைந்தது.

சினைப்பையில் கட்டி என்றார் டாக்டர். எடுத்துப் பரிசோதித்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று தெரியுமாம். ஆபரேஷனுக்கு உள்ளே போகும்முன் ஸ்கர்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கசக்கிடாதீங்க." மகன் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். நான் மடியில் வைத்து மடித்தேன், பிரித்தேன், மடித்தேன்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கும் வந்துவிட்டாள். ரிசல்ட் மட்டும் வரவில்லை. போன் அடித்தால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

இன்று காகிதத்தை அவள் முன்னால் விரித்தேன். "ஒட்டுப் போட்டதையெல்லாம் வெட்டி எடு."

"ரிசல்ட் வரட்டும், அத்தை."

"அது வர்றப்ப வரட்டும். நீ வெட்டு."

கத்திரியை விரலில் மாட்டிவிட்டேன். வெட்டினாள். கோடு கோணலாகப் போனது. அவள் கோணலாக வெட்டி நான் பார்த்ததே இல்லை.