அப்பாவின் கல்லறையில் இருபத்துமூன்று வாசல்

உடுவில் சீலா ரீச்சருக்குப் பயமில்லாத பொருள்கள் உலகத்தில் மிகக் குறைவு. காஸ் அடுப்பை மூன்று தரம் பூட்டிப் பார்ப்பார். கேற்றைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் சைக்கிளைத் திருப்புவார். ஆனால் கொட்டுகிற பூச்சி என்றால் மூக்கை அருகே கொண்டுபோவார். முப்பத்தொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பின் பூச்சிகளுக்காகவும் பயப்படத் தொடங்கினார்.

தகப்பனார் கிருபைரட்ணம் சென்ற வருடம் மாசியில் காலமானார். ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் அவரை அடக்கம் செய்த செம்மண் மேடு ஒரு மாரி கண்டு இறுகியது. தையில் பூக்கொண்டு போன சீலா, மேட்டில் பென்சில் பருமனில் துளைகளைக் கண்டார். எண்ணினார்: இருபத்துமூன்று. ஒன்றிலிருந்து, வயிற்றில் நீல வரி ஓடிய தேனீ வெளியேறி, பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிப்பூவை நோக்கிப் பறந்தது.

இந்தத் தேனீக்கு ராணியில்லை, வேலைக்காரர் இல்லை, சேமித்த தேனுமில்லை. ஒவ்வொரு பெண்ணும் தானே குழி தோண்டி, மகரந்தமும் பூந்தேனும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தொடங்கும். ஆண்களுக்கு வீடே கிடையாது. பொழுதுபட்டால் புல்லுத் தண்டைத் தாடையால் கவ்வித் தொங்கியபடி நித்திரை. தனித்து வாழும் இனம் என்று புத்தகம் சொல்லும். தோண்டுவதென்னவோ சாணுக்கொரு துளையாக, ஒன்றையொன்று ஒட்டித்தான். ஒரே காணியைப் பிரித்துத் தனித்தனி வாசற்படலை வைத்து வாழும் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதலாம் ஆண்டு நினைவுக்குத் தம்பி பிறேம் கனடாவிலிருந்து வந்திறங்கினான். கைபேசியில், மேடு முழுவதையும் மூடும் கறுப்புக் கிரனைட் கல்லறையின் படம்.

"மண் இன்னும் இறங்கேல்லை, பிறேம். இப்ப கட்டினால் வெடிக்கும்," என்றார் சீலா. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், மேட்டடியில் மேசன் கனிசியஸ் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

"ஆர் சொன்னது ரீச்சர்? காங்கிறீற் மாதிரிக் கிடக்கு," என்று கனிசியஸ் மேட்டோரம் குதியால் இடித்துக் காட்டினார்.

"ஐயோ, இடியாதேங்கோ!"

அதோடு உண்மை வெளிவந்தது. பிறேம் குனிந்து பார்த்தான்.

"உதென்ன அக்கா, குளவியே? அப்பாவின்ரை மேலையோ?"

"தேனீயடா. உள்ளுக்குக் குஞ்சுகள் இருக்கு. கல்லு வைச்சால் ஒண்டும் வெளிக்கிடாது."

"சனம் என்ன சொல்லும்? கனடாவிலையிருந்து வந்தும் தேப்பனை மண்ணுக்குள்ளை விட்டிட்டுப் போறான் எண்டெல்லோ கதைக்கும்!"

"எல்லாரையும் மண்ணுக்குள்ளைதான் தம்பி விடுறது," என்றார் கனிசியஸ்.

கடைசியில் சுற்றிவர ஒரு கட்டு, தலைமாட்டில் பெயர்க்கல், நடுவில் வெறும் மண் என்று முடிவானது. வேலை முடிந்து இரண்டு நாள் சீலா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

நினைவு நாள் ஞாயிறு காலை போனபோது கட்டுக்குள் செம்மண்ணைக் காணவில்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் முற்றத்தில் வெள்ளை மணல் பரப்பும் ஊர் வழக்கத்தைக் கனடாவிலும் மறக்காத பிறேம், விடிய எழும்பி மூன்று உரப்பை கடல்மணல் கொண்டுவந்து கொட்டி, நான்கு விரல் தடிப்புக்கு நிரவியிருந்தான்.

"வடிவாயிருக்கோ அக்கா?" அவன் கண் கலங்கியிருந்தது.

பெண் தேனீக்கள் இரவில் துளைக்குள்தான் படுக்கும். வெயில் ஏறாமல் வெளிக்கிடா. இருபத்துமூன்றும் உள்ளே.

"ஓம்," என்றார் சீலா. போதகரும் சனமும் வந்துவிட்டார்கள்.

பாட்டு ஏறியது. போதகர் கடைசி நாளில் கல்லறைகள் திறப்பதைப் பற்றிப் பேசினார். எல்லாரும் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் சீலா ஒருவர்தான். மூச்சு முட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? முப்பத்தொரு வருடத்தில் ஒரு மாணவியும் அதைக் கேட்கவில்லை.

ஜெபத்தின் நடுவில் வெள்ளை மணலில் ஒரு சிட்டிகை சிவப்புத் தெரிந்தது. பிறகு ஒரு தலை. தேனீ மேலெழும்பி, வீட்டு வாசல் மாறிப்போனதை மனதில் பதிப்பதுபோல் மூன்று வட்டமடித்துவிட்டுப் போனது. ஆசீர்வாதம் முடிய, பதினொன்று வெளியே வந்திருந்தன.

"அக்கா, சனம் தேத்தண்ணிக்குப் போகுது."

"இன்னும் பன்ரெண்டு தேனீ வெளியிலை வரேல்லை."

பிறேம் மணலைப் பார்த்தான். சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தான். தான் செய்தது அப்போதுதான் விளங்கியது. கோட்டைக் கழற்றிப் பெயர்க்கல்லின்மேல் போட்டுவிட்டு முழங்காலில் இருந்தான்.

"எந்தப் பக்கம்?"

"கால்மாட்டுப் பக்கம். விரலாலை மணலை வழி. மெல்ல."