முகம் பார்க்காதவர்

அச்சன்புதூரில் எங்கள் வீட்டுத் தொழுவத்துக்கு வேண்டாத மாடுகளைப் பொறுக்கிக் கழிக்க வந்தார் அவர். ஒல்லியான ஆள். வெளுத்த நீலச் சட்டை, தோளில் முடிச்சு முடிச்சாகப் போட்ட கயிறு. குற்றாலத்தில் அருவி சரியாக விழாத வருஷம் அது. எங்கள் வைக்கோல் நாலு மாட்டுக்குத்தான் காணும், நின்றது ஆறு. கழித்த இரண்டும் லாரி ஏறி, புளியரைச் சோதனைச் சாவடி தாண்டி, கறிக்குப் போய்விடும்.

கன்றோடு நின்ற மாடுகளில் அவர் முதலில் கன்றின் நெஞ்சைக் கயிற்றால் அளந்தார், பிறகு தாயின் நெஞ்சை. வாட்டசாட்டமான செவலையைக் கை காட்டினார். "இது தின்னுததெல்லாம் தன் ஒடம்புக்குத்தான். கன்னு பாருங்க, பூனைக்குட்டி கணக்கா இருக்கு."

எலும்பு தெரிந்த மயிலைக்கு வருஷம் தவறாமல் நல்ல கன்று. அது தப்பித்தது.

எந்த மாட்டின் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் கேட்டே விட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கிய?"

"பாத்தா கழிக்க மனசு வராதும்மா."

அடுத்து கறுப்பி. "மூணு வருஷமா சினை நிக்கல," என்றாள் என் மாமியார்.

"அப்ப எதுக்குத் தீனி?" என்றார் அவர்.

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன். எனக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம்.

கிளம்பும்போது வாசலில் நின்றார். தலையை நிமிர்த்தி, என் முகத்தை நேராகப் பார்த்து, "வாரேன்மா" என்றார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

உள்ளே வந்ததும் மாமியார் காப்பித் தம்ளரை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.