பம்ப்பு மூடியைத் திறக்க வைத்த ஆண்டவர்

இஞ்சின் நின்றுபோன அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைப் புகைதான். அக்கரையில் சுமத்ராவில் காடு எரிந்தால் இக்கரையில் நமக்கு மூச்சு முட்டும். அந்த வருஷப் புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். நீங்கள் எல்லாரும் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்திருப்பீர்கள். நான் அந்தப் புகைக்கு நடுவில், கரை தெரியாத தூரத்தில், ஓடாத ஒரு மீன்பிடிப் படகில் உட்கார்ந்திருந்தேன். படகில் மூன்று பேர். பிழைக்க மாட்டோம் என்று பயந்தேன். அதைவிட ஒன்று என்னை அரித்தது. அந்த இடத்தில் எங்களைக் கொண்டு நிறுத்தியவன் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்பானவர்களே, என் பெயர் சூசைராஜ். இப்போது ஈப்போ புந்தோங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறேன். நம் செபக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காருகிறவன். பேசிப் பழக்கமில்லை. ஆனால் இதை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசுக்குள் இருக்கிறது.

நான் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்து ஆலையில் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டு, கழற்றி மாட்டித் தொழில் கற்றுக்கொண்டேன். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது ஆலையையும் மூடிவிட்டார்கள். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஊர், கடலுக்குப் பக்கத்து ஆற்றங்கரையில் இருக்கிற ஊத்தான் மெலிந்தாங். அங்கே மீன்பிடிப் படகுக்கு இஞ்சின் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று அவளுடைய அண்ணன் சொல்லித்தான் போனேன். அதுவரை நான் கடலைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

படகுக்குச் சொந்தக்காரரும் அவரே, அதை ஓட்டுகிற தைக்கோங்கும் அவரே. பெயர் ஆ ஹுவாத், சீனர். அவருடைய அப்பா நம் ஆட்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஆ ஹுவாத் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். மூன்றாவது ஆள் பாக் மான். சுமத்ராவிலிருந்து வந்து வலை வேலை செய்த பெரியவர், அதிகம் பேசமாட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே நாங்கள் மூன்று பேரும் அந்தப் படகில் ஐந்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்.

இன்றைக்கும் எனக்கு அந்த நாட்கள் கனவில் வரும். விடியும் முன் படகுத்துறை ஜெட்டியில் ஐஸ் ஆலை ஐஸை அரைக்கிற சத்தம். ஆற்றுத் தண்ணீரில் டீசல் வாசனை. ஆ ஹுவாத் தகரக் குவளையில் ஊற்றிக் கொடுக்கிற கறுப்புக் காப்பி, வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும். திரும்பி வரும்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறாலை அளவு பார்த்துப் பிரிப்பார்கள். ஸ்டெல்லாவும் அதில் இருப்பாள். மீன் லாரிகள் பீடோருக்கும் காம்பாருக்கும் ஈப்போவுக்கும் புறப்படும். நடுக்கடலில் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது தூரத்தில் பெரிய சரக்குக் கப்பல்கள் போகும். பெட்டி மேல் பெட்டியாக அடுக்கி, ஒரு ஊரே நகர்ந்து போவது மாதிரி இருக்கும். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கும் என்று நாங்கள் விளையாட்டாகப் பேசிக்கொள்வோம். காலில் போடுகிற சப்பாத்து என்பேன் நான். டிவி என்பார் ஆ ஹுவாத். பாக் மான் யோசித்து, மலாயில் அரிசி என்பார். அவருக்கு எப்போதும் அரிசிதான்.

அந்தக் காலத்தில் நான் கோயிலுக்குப் போவதை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துச் சிற்றாலயத்தை இடித்த அன்றே எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சு முடிந்துவிட்டது என்று சொல்லித் திரிந்தேன். ஆ ஹுவாத் ஒவ்வொரு முறையும் படகின் முன்பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார். நான் மனசுக்குள் சிரிப்பேன். படகு ஓடுவது என் இஞ்சினால் என்று எனக்குத் திமிர்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

கடல் தண்ணீரை இழுத்து இஞ்சினைக் குளிர வைக்க ஒரு பம்ப்பு உண்டு. அதற்குள் கையளவு ஒரு ரப்பர் சக்கரம். அது தேய்ந்தால் தண்ணீர் ஏறாது, இஞ்சின் கொதித்துவிடும். சனிக்கிழமை ஆ ஹுவாத் என்னிடம், "சூசை, அந்த ரப்பர் வீல் பழசாச்சுலா. தெலுக் இந்தான் போயி வாங்கி மாத்திடு" என்றார். நான் போனேன். போன இடத்தில் பழைய தோட்டத்துக் கூட்டாளி ஒருவனைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கதை பேசி எழுந்தபோது பாகங்கள் விற்கிற கடை சாத்தியிருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஆ ஹுவாத் கேட்டார்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் தைக்கோங்."

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. இஞ்சின் விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பில் வந்த வார்த்தை.

புகைமூட்டத்துக்குப் பயந்து பல படகுகள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாங்கள் போனோம். மத்தியானம் இஞ்சின் கொதித்து, இருமி, நின்றது. ஆ ஹுவாத் ஓடி வந்தார்.

"என்னா ஆச்சு?"

பம்ப்பு மூடியைத் திறந்தால் பழைய சக்கரம் அவர் கண்ணில் பட்டுவிடும். நான் திறக்கவில்லை. "பிஸ்டன் ஜாம் ஆயிருச்சு தைக்கோங். இங்க ஒன்னும் செய்ய முடியாது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினார். நான் சொன்னால் அவர் நம்புவார்.

அங்கே நங்கூரக் கயிறு தரைக்கு எட்டவில்லை. கைப்பேசிக்கு லைன் இல்லை. பழைய ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், இரைச்சல்தான் வந்தது. மிச்சமிருக்கிற பேட்டரியை விளக்குக்கு வைத்துக்கொள்வோம் என்று ஆ ஹுவாத் ரேடியோவை அணைத்தார். நீரோட்டம் எங்களைக் கப்பல்கள் போகிற பாதைக்கு இழுத்துக்கொண்டு போனது. அன்று இரவு மூன்று பேரும் தூங்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணி இருக்கும். புகைக்குள்ளிருந்து ஒரு ஊதல் சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பாக் மான் சட்டியை எடுத்துத் தட்டினார். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். திடீரென்று தலைக்கு மேலே ஒரு இரும்புச் சுவர் வந்தது. சிவப்புப் பூச்சு, துரு, வழிகிற தண்ணீர், எல்லாம் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். விளையாட்டாகப் பேசினோமே, அந்தக் கப்பல்களில் ஒன்று. நாங்கள் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. அதன் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. பாக் மான் விளிம்பு தாண்டிச் சரிந்தார். ஆ ஹுவாத் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, ஆள் உள்ளே விழுந்தார். சுவர் வந்த மாதிரியே மறைந்துவிட்டது.

ஆ ஹுவாத் கையில் கிழிந்த சட்டைத் துணியோடு சொன்னார். "இன்னொன்னு வந்தா நம்ம படகு தாங்காதுலா, சூசை."

நான் இஞ்சின் அறைக்குள் இறங்கினேன். முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, காப்பாத்தும்" என்றேன். அதற்கு மேல் செபம் வரவில்லை. எனக்கு எதிரே, ஒரு முழம் தூரத்தில், பம்ப்பு மூடி. நாலே நாலு ஸ்க்ரூ. குரல் கேட்டது என்று நான் சொல்லமாட்டேன். கேட்கவில்லை. ஆனால் அந்த மூடியைத் திறக்காமல் என்னால் அடுத்த வார்த்தையைச் செபிக்க முடியாது என்று தெரிந்தது. சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். "ஆண்டவரே, நான் பொய் சொல்லிட்டேன். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடும்" என்றேன். பல வருஷத்துக்குப் பிறகு நான் செய்த முதல் செபம் அது.

மேலே ஏறினேன்.

"தைக்கோங், பிஸ்டன் ஜாம் ஆகல."

"என்னா?"

"ரப்பர் வீல நான் மாத்தல. பழசுதான் உள்ள இருக்கு. அதுலதான் சூடாகி நின்னுச்சு. எனக்கு நேத்தே தெரியும்."

அவர் கையில் இருந்த குவளை என் தோளில் வந்து விழுந்தது. "நேத்தேவா? நேத்தே தெரியுமா?" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "என் பொண்டாட்டி போவாதன்னு சொன்னாடா. இஞ்சினுக்குச் சூசை இருக்கான், பயப்படாதலான்னு சொல்லிட்டு வந்தேன்."

குவளை பட்ட இடம் எனக்கு வலிக்கவே இல்லை. அந்தப் பேச்சு இன்றைக்கும் வலிக்கிறது.

பாக் மானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஆ ஹுவாத் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இஞ்சின் சாவலயா?"

"சாவலன்னுதான் நினைக்கிறேன். ராத்திரி பூரா ஆறியிருக்கு."

"அப்பறம் என்னாடா நிக்கிற? தொற மூடிய."

திறந்தேன். சக்கரத்தில் ஒரு பல்கூட மிச்சமில்லை. அதை வைத்து ஒன்றும் ஆகாது. ஆனால் இஞ்சினுக்கு வேண்டியது தண்ணீர்தானே. மீன் கழுவுகிற நீலப் பீப்பாயைக் கேபின் கூரையில் ஏற்றிக் கட்டினோம். அதன் அடியில் ஓட்டை போட்டு, ரப்பர்க் குழாய் செருகி, பம்ப்பைத் தாண்டி நேராக இஞ்சினுக்குத் தண்ணீர் இறங்குகிற மாதிரி இணைத்தேன். வாளியால் மொண்டு பீப்பாயை நிரப்பிக்கொண்டே இருந்தால், மெதுவாக ஓட்டலாம். இஞ்சினைக் கிளப்பப் பேட்டரி தாங்குமா என்பதுதான் பயம்.

முதல் தடவை டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அரைச் சுற்று சுற்றி நின்றது. விளக்கு மங்கிவிட்டது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். நான் இஞ்சின் மேல் கை வைத்தேன். "ஆண்டவரே, எனக்காகக் கேட்கல. இவங்க ரெண்டு பேரும் ஒரு தப்பும் செய்யல" என்றேன். சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, தடதடவென்று ஓடியது. மேலேயிருந்து ஆ ஹுவாத் கத்தினது சீனமா தமிழா என்று எனக்குத் தெரியாது.

கிழக்கே பார்த்துத் திருப்பினோம். ஒருவர் ஓட்ட, இரண்டு பேர் மாறி மாறித் தண்ணீர் மொண்டோம். வாளி, வாளி, வாளி. கை தோல் உரிந்தது. மாலை நாலு மணிக்கு மேல் காற்று மாறியது. மழை வந்தது. வாரக்கணக்கில் ஒரு சொட்டும் பெய்யாத வானம் கொட்டியது. மூன்று பேரும் அண்ணாந்து வாயைத் திறந்து குடித்தோம். மழை புகையைத் தள்ளிக்கொண்டு போக, தூரத்தில் கறுப்புக் கோடாகக் கரையோர அலையாத்திக் காடு தெரிந்தது. அதுவரை நாங்கள் திசைகாட்டியை நம்பிக் குருட்டாம்போக்கில் வந்துகொண்டிருந்தோம். அந்த மழை மட்டும் வரவில்லை என்றால் ஆற்று முகத்தைத் தவறவிட்டு மணல் திட்டில் ஏறியிருப்போம். அது சும்மா பெய்த மழை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த வாளியைப் பிடித்திருந்தவன் நான்.

பொழுது சாயும்போது ஜெட்டிக்கு வந்தோம். ஆ ஹுவாத்தின் மனைவியும் ஸ்டெல்லாவும் நனைந்துகொண்டு ஒரே குடையின் கீழ் நின்றார்கள். முதல் நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தேதான் இருந்தார்களாம். ஸ்டெல்லா செபமாலை சொல்ல, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

வீட்டில் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சோறு போட்டாள்.

"அப்ப ஒரு நாள் முழுக்க வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"நாங்க இங்க உயிர கையில புடிச்சிக்கிட்டு இருந்தோம்." குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, "சரி, சாப்புடுங்க. ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போலாம்" என்றாள்.

போனேன். சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆ ஹுவாத் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தெலுக் இந்தான் போலாம், கெளம்பு. இந்தத் தடவ நானும் வாரேன்" என்றார். இரண்டு சக்கரங்கள் வாங்கினோம். வருகிற வழியில் காப்பி குடித்தோம். அதன் பிறகு நாலு வருஷம் அவரோடு கடலுக்குப் போனேன். என் வாழ்க்கையிலேயே நிம்மதியான நாலு வருஷம் அதுதான்.

இப்போது அந்தப் படகு வேறு கைக்குப் போய்விட்டது. பாக் மான் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆ ஹுவாத்துக்கு வயதாகிவிட்டது, மகள் வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் படிப்புக்காக நாங்கள் ஈப்போ வந்தோம். பட்டறையில் கார் கொண்டு வருகிறவர்களிடம், "நான் இதை இன்னும் பார்க்கவில்லை", "இது என் தப்பு" என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். பலர் திரும்பி வருகிறார்கள்.

கடலிலிருந்து என்னை மீட்டதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்ற என் கைக்குப் பலம் தந்தாரே, அதற்குத்தான் தினமும் நன்றி சொல்கிறேன். உங்களில் யாராவது செபிக்க உட்கார்ந்து வார்த்தை வராமல் தவித்துக்கொண்டிருக்கலாம். ஆண்டவர் கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். யாரிடமோ சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்றை முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து போய் அந்த ஆளிடமும் சொல்லுங்கள். திட்டு விழும், குவளைகூட வந்து விழும். பயப்படாதீர்கள். உங்களோடு அவர் வருவார்.