சாமந்திக் கீரைக்கு எப்போது குளிரும்?

கீரைத் தொழிலில் பூச்சியைச் சமாளிக்கலாம், நாட்காட்டியைச் சமாளிப்பதுதான் கஷ்டம். குளிர் நாட்டில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பது தாண்டியவனை வேறு யாரும் எடுக்கவில்லை. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு துண்டு நிலமும் செடி வளர்க்கும் பழைய கண்ணாடி வீடும் குத்தகைக்கு எடுத்தேன். உணவகம் நடத்தும் வியட்நாம் பெண் ஒருவர், சூப்பில் போட, இலைக்காகவே வளர்க்கும் சாமந்தி வகையான சாமந்திக் கீரையை வளர்த்துத் தந்தால் தொடர்ந்து வாங்குவதாகச் சொன்னார். அது சரிவராவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மேசைக்கு அழகு

பக்கத்துத் தோட்டக்காரர் வெர்னர், மே நடுவில் ஒரு கடைசி உறைபனி வரும், அதற்கு முன் எதையும் வெளியில் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். வேத வாக்காக எடுத்துக்கொண்டு மே கடைசியில் விதைத்தேன். பகல் நீண்டது, வெயில் ஏறியது. செடி ஒரு சாண்கூட வளரவில்லை, மொட்டு விட்டுப் பூத்துவிட்டது. இருந்ததை அறுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் ஒரு தண்டைக் கடித்துப் பார்த்து, கசப்புத் தாங்காமல் துப்பினார். “பூ நன்றாக இருக்கிறது. மேசையில் வைக்கிறேன். கீரை எங்கே?”

கேட்காத கேள்வி

வெர்னரிடம் போய் நின்றேன். கோபம் அவர் மேலா, என் மேலா என்று எனக்கே தெரியவில்லை. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “நான் தக்காளிக்குச் சொன்னேன். நீங்கள் எதை விதைக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே.”

ஹீட்டர்

உணவகப் பெண் இலையுதிர் காலத்துக்கு ஒரு தவணை தந்தார். அதுதான் கடைசி. ஆகஸ்ட் கடைசியில் கண்ணாடி வீட்டுக்குள் விதைத்தேன். மிஞ்சிய விதையை வெளிப் பாத்தியில் தூவினேன். நன்றாகத்தான் வந்தது. அக்டோபரில் எனக்குக் கை விறைத்தது. கீரையும் விறைத்துவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. காற்றுக் கதவுகளை அடைத்து, மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொளுத்தி வைத்தேன். இவ்வளவு குளிரை ஒரு கீரை விரும்பும் என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனால் எப்படி நம்ப முடியும்? மனைவி ராஜி வாசலில் நின்று பார்த்தாள். “உங்களுக்குக் குளிருதெண்டா நீங்கள் ஜாக்கெட்டைப் போடுங்கோ. கீரைக்கு ஏன் போடுறியள்?”

வெளிப் பாத்தி

நான் கேட்கவில்லை. உள்ளே தண்டுகள் நெடுநெடுவென்று நீண்டு சரிந்தன, அடியில் சாம்பல் பூசணம். கொண்டுபோக வேண்டிய அன்று காலை நான் குந்தி இருந்துவிட்டேன். ராஜி கத்தியோடு வெளிப் பாத்திக்குப் போனாள். அங்கே லேசான உறைபனி. வெயில் பட்டு அது உருகும்வரை காத்திருந்து அறுத்தாள். இலை தடித்துக் கரும்பச்சையாக இருந்தது.

உணவகத்தில் அந்தப் பெண் மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் ராஜியைப் பார்த்துச் சொன்னார்: “வெள்ளிக்கிழமையும் கொண்டு வாருங்கள். இவரை அறுக்க விடாதீர்கள்.”

இப்போது மார்ச் நடுவில் ஒரு தடவையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவையும் விதைக்கிறேன்; மற்ற மாதங்களில் கவலைப்படுகிறேன்.