ஆப் செய்ய வந்தவனுக்கு ப்ளம் கேக்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் பார்க்கும் படலம் நடந்தது. பார்த்தது என் மனைவி. வந்திருந்தது ஒரு பையன். காபி டிரேயை ஏந்திக்கொண்டு நின்றது... வேறு யார், நான்தான்.

விஷயம் இதுதான். என் மனைவி ஸ்டெல்லா கணக்கு டீச்சர். பள்ளி வேலையை விட்டுவிட்டு, அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே ஒரு கம்பெனி நடத்துகிறாள். எஜுகேஷனல் டெக்னாலஜி கம்பெனி என்று போர்டில் எழுதியிருக்கிறது. அதாவது, அவள் கேமரா முன்னால் நின்று கணக்கு சொல்லிக்கொடுப்பாள். நான் அந்த வீடியோவைத் தினமும் சாயங்காலம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்களுக்கு அனுப்பிவைப்பேன். எஜுகேஷன் அவள், டெக்னாலஜி நான்!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கை தவறி ஆறாம் வகுப்புக் குரூப்புக்குப் பத்தாம் வகுப்பு டிரிக்னாமெட்ரி போய்விட்டது. ஒரு அம்மா போன் செய்து, "இன்னா சார் அனுப்பிகீறீங்க? புள்ள அழுதுகினு கீது சார்" என்றார். சரி, மனிதன்தானே, தவறுவது சகஜம். ஆனால் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடம் அப்படி விடவில்லை. "வாட்ஸ்அப் எல்லாம் சரிப்படாது மேடம். ஜூனுக்குள்ள ஒரு ஆப் கொண்டு வாங்க, எங்க பிள்ளைங்க அத்தனை பேரையும் சேத்துடறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பள்ளி வந்தால் கம்பெனி பிழைக்கும். வராவிட்டால் மாடியை வாடகைக்கு விடவேண்டியதுதான்.

ஆக, மொபைல் ஆப் இன்ஜினியர் தேவை என்று விளம்பரம் போட்டோம்.

வந்தார்கள். ஒருவர் எங்கள் ஆஃபர் லெட்டரை வாங்கிப்போய், அதைக் காட்டிப் பழைய கம்பெனியிலேயே சம்பளத்தை ஏற்றிக்கொண்டார். இன்னொருவர், "அம்பத்தூரா? கிண்டி பக்கம் பிராஞ்ச் இருக்கா?" என்றார். பிராஞ்சா! எங்களுக்கு மொட்டைமாடியை விட்டால் வேறு பிராஞ்ச் ஏது? ஸ்டெல்லா தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழ ஆரம்பித்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்புறம்தான் கோகுல் வந்தான். பூந்தமல்லிப் பையன். அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். டிரங்க் ரோடு தூசி முழுவதும் அவன் சட்டையில் இருந்தது.

"உக்காருங்க தம்பி... காத்து வருதா? ஃபேனைக் கூட்டட்டுமா?" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு முதல் பொறி அங்கேதான் விழுந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எனக்குக் காற்று வருகிறதா என்று இவள் ஒருநாளாவது கேட்டிருப்பாளா? அடுத்து வந்தது ப்ளம் கேக். கிறிஸ்துமஸ் கேக்! தீர்ந்துபோய்விட்டது என்று புத்தாண்டு அன்றே என்னிடம் சொன்னாளே, அதே கேக்!

இன்டர்வியூ தொடங்கியது. "எங்ககிட்ட உங்க எதிர்பார்ப்பு என்ன?" என்று கேட்டாள். அவ்வளவு பணிவு, அவ்வளவு இனிமை. "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?" என்றாள். என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்... இதே மாடிப்படியில், கையில் டிரேயோடு. ஆனால் யார் கேட்கிறார்கள்?

பையன் சொன்னான். "மேடம், பேரன்ட்ஸ் போன்ல ஸ்பேஸே இருக்காது. ஆப் சின்னதா இருக்கணும். நெட் இல்லாதப்பவும் பாடம் ஓடணும்."

ஸ்டெல்லாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "பாத்தீங்களா, எவ்ளோ அழகா யோசிக்கிறார்!" என்று என் பக்கம் திரும்பினாள்.

ஐயா, இதையேதான் நான் போன தீபாவளிக்குச் சொன்னேன்! போனில் இடமில்லை என்று பெற்றோர்கள் திட்டுகிறார்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். நான் சொன்னால் அது புலம்பல். அவன் சொன்னால் அது ஆர்க்கிடெக்சர். பச்சையாகவே சொல்லிவிடுகிறேன்... வயிறு எரிந்தது.

கடைசியில் என்னையும் அறிமுகப்படுத்தினாள். எப்படித் தெரியுமா? "இவர் நம்ம கன்டென்ட் டெலிவரி பாத்துக்கறார்." அவ்வளவுதான். வீட்டுக்காரர் என்று ஒரு வார்த்தை கிடையாது.

கோகுல் எழுந்தான். ஓஎம்ஆரில் ஒரு பெரிய கம்பெனியும் கூப்பிட்டிருக்கிறதாம். வீட்டுக்கே வரும் கேப், ஜிம், சாப்பாடு எல்லாம் உண்டாம். "மண்டே சொல்றேன் மேடம்" என்றான். ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. என்னைப் படியருகே தள்ளிக்கொண்டு போய், "ஏங்க, கூடப் போங்க. டீ வாங்கிக் குடுத்து நம்ம கம்பெனியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. இவரையும் விட்டுட்டா அவ்ளோதான்" என்றாள்.

போனேன். எனக்குக் கம்பெனி வேண்டும், ஆப்பும் வேண்டும். இந்தப் பையன் மட்டும் வேண்டாம்.

மாடியில் இங்கிலீஷ் கலந்து பேசியவன், டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் பூந்தமல்லிப் பேச்சுக்குத் திரும்பிவிட்டான். "சார், ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லுங்க. மேடம் எப்டி? அந்தக் கம்பெனில எல்லாம் தேன் ஒழுகப் பேசறாங்க. அதான் பயமாகீது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! அவிழ்த்துவிட்டேன்.

"காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சுடுவாங்கப்பா. சின்ன சேஞ்ச்தான்னு சொல்லுவாங்க, செஞ்சு முடிக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுடும். நல்லா செஞ்சா பாராட்ட வாய் வராது. தப்பு செஞ்சா, ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க. லீவா? அவங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் லீவு."

பையன் கேட்டுக்கொண்டே டீயை உறிஞ்சினான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "நீங்க எத்தினி வருசமா சார் இவங்க கூட கீறீங்க?"

"இருபத்தாறு."

"இருபத்தாறா!" கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "எங்க லைன்ல ரெண்டு வருசம் ஒரே எடத்துல குந்திகினு இருந்தாலே, இன்னாடா, வேற எங்கயும் கெடைக்கலியான்னு கேப்பானுங்க. இவ்ளோ கடுப்ப வெச்சிகினு நீங்க உட்டுட்டுப் போவாம கீறீங்கன்னா... அங்க இன்னாமோ கீது சார்."

எனக்கு டீ புரையேறியது. டீக்குக் காசையும் அவனே கொடுத்தான். சீனியர் கொடுக்கக்கூடாதாம்!

புகழ வேண்டும் என்று போயிருந்தால் கெட்டிருக்கும். ஒருவரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னால் நம்ப இன்று ஆள் இல்லை. வயிறெரிந்து சொன்னால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை மெசேஜ் வந்தது. ஸ்டெல்லா சத்தமாகப் படித்தாள். சேர்ந்துகொள்கிறானாம். உங்கள் சீனியர் மனம் திறந்து பேசியதால்தான் இந்த முடிவு என்று வேறு எழுதியிருந்தான்.

"அப்படி என்னங்க பேசினீங்க?"

"உன்னைப் பத்தி உள்ளதை உள்ளபடி சொன்னேன்" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புகழ்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை.

"இப்ப இருக்கற கம்பெனில ஒரு மாசம் நோட்டீஸ் பீரியடாம், அதை முடிச்சுட்டுதான் வருவாராம். அதுவரைக்கும் குரூப்பை எல்லாம் நீங்களே பாத்துக்கங்க" என்றாள்.

"அதுக்கப்புறம்?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள். "அதுக்கப்புறம் நீங்க மட்டும் எங்க போயிடப் போறீங்க?"

நியாயம்தான். எங்கள் வேலையில் நோட்டீஸ் பீரியடே கிடையாது என்று ஃபாதர் கல்யாணத்தன்றே பீடத்தின் முன்னால் சொல்லித்தானே கையெழுத்து வாங்கினார்!